டச்சுக் காலனிய நீக்கமும் மனித உரிமையும்: ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு வரும் முதுகலை மாணவர்களின் வரைவுகளைச் சில வருடங்களாகப் படித்துத் திருத்திக் கொடுத்துவருகிறேன். அதற்கு முன் நானே இதில் ஒரு கட்டுரை எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய அதே நாலைந்து இடத்தில்தான். நிறையப் படித்தவர்களும் விழுகிறார்கள். 'டச்சுக்காரர்கள் மனித உரிமையை மீறினார்கள்' என்ற தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, ஆதாரத்தை அப்புறம் தேடுவதால் வரும் வினை இது. கீழே சொல்லும் வரிசையில் போனால் பாதித் தவறுகள் தாமாகவே விலகிவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து ஆவணங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: 1945 ஐ.நா. சாசனம், 1948 உலக மனித உரிமைப் பிரகடனம், 1950 ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை, 1960இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514ஆம் தீர்மானம், 1966 சர்வதேச உடன்படிக்கைகள் இரண்டின் முதல் பக்கம். கணினித் திரையில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஓரத்தில் தேதி குறித்து, கோடு போட்டு, திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டிய தாள்கள் இவை.

இரண்டு வரைபடங்கள் வேண்டும்: பழைய டச்சுக் கிழக்கிந்தியா ஒன்று, இன்றைய இந்தோனேசியா ஒன்று. டச்சு மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலி ஓரளவு கைகொடுக்கும். எங்கே காலை வாரும் என்பதை 4ஆம் படியில் சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். டச்சு என்றதும் நமக்குப் பழவேற்காடும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணக் கோட்டையும் நினைவுக்கு வரும். அது 17, 18ஆம் நூற்றாண்டுக் கம்பெனிக் கதை. நமக்கு வேண்டிய காலம் 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறது. கம்பெனிக் கதையில் நாலு பக்கம் முன்னுரை எழுதி வருபவர்களிடம் முதல் வேலையாக அந்த நாலு பக்கத்தையும் எடுக்கச் சொல்வேன்.

1. ஒரு நிலப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

டச்சுக் காலனிய நீக்கம் என்று ஒரே நிகழ்வு கிடையாது. குறைந்தது நான்கு உண்டு, நான்கிலும் உரிமைப் பேச்சு வேறு வேறு. இந்தோனேசியா 1945 முதல் 1949 வரை போரிட்டு விடுதலை பெற்றது. பாப்புவா மக்கள் வாழும் மேற்கு நியூகினியை டச்சு அரசு 1962 வரை கையில் வைத்திருந்தது. சுரிநாம் 1975 நவம்பர் 25 அன்று பேச்சுவார்த்தை மூலம் தனிநாடானது. குராசாவ், அருபா முதலிய கரீபியன் தீவுகள் இன்றும் டச்சு முடியரசுக்குள்தான் இருக்கின்றன.

நான்கையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் கிடைக்கும், ஒன்றும் உருப்படாது. முதல் முறை எழுதுபவர் இந்தோனேசியாவை எடுப்பது நல்லது, ஆவணங்கள் அங்கேதான் அதிகம். ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் இந்தோனேசியாவையும் நியூகினியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே அரசு, முதல் இடத்தில் 'உள்நாட்டு விவகாரம், தலையிடாதீர்கள்' என்றது. இரண்டாவது இடத்தில் பாப்புவா மக்களின் சுயநிர்ணய உரிமைக்காக ஐ.நா.வில் வாதாடியது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை விளக்குவதே ஒரு முழுக் கட்டுரைக்குப் போதும்.

2. இரண்டு பத்தித் தேதிப் பட்டியல் போடுங்கள்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் காலனியில் நடந்தவை. வலப்பக்கம் உரிமை ஆவணங்களும் ஐ.நா. தீர்மானங்களும்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இங்கேதான். மேற்கு ஜாவாவில் ராவாகெடே என்ற கிராமத்தில் டச்சுப் படை ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றது. 'இது உலக மனித உரிமைப் பிரகடனத்தை அப்பட்டமாக மீறிய செயல்' என்று எழுதியிருந்தேன். என் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் இரண்டு தேதிகளை ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். ராவாகெடே: 9.12.1947. பிரகடனம்: 10.12.1948. ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்துப் பிறந்த ஆவணத்தை முன்னால் நடந்த கொலைக்குச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து தேதிப் பட்டியல் இல்லாத வரைவை நான் படிப்பதில்லை.

இடப்பக்கத்தில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: 1945 ஆகஸ்ட் 17 அன்று சுகர்னோவும் ஹத்தாவும் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், 1945 கடைசி மாதங்களில் டச்சுக்காரர், கலப்பினத்தவர், சீனர், மலுக்கர் (கிழக்கே உள்ள மலுக்குத் தீவுகளின் மக்கள்) ஆகியோர் மேல் பாய்ந்த 'பெர்சியாப்' வன்முறை, 1946 டிசம்பரில் தொடங்கித் தெற்கு சுலவேசியில் கேப்டன் வெஸ்டர்லிங் படை நடத்திய கொலைகள், 1947 ஜூலை 21 அன்று தொடங்கிய முதல் ராணுவத் தாக்குதல், 1948 ஜனவரியில் இரு தரப்பும் செய்துகொண்ட ரென்வில் போர்நிறுத்த உடன்பாடு, 1948 டிசம்பர் 19 அன்று தொடங்கிய இரண்டாம் தாக்குதல், 1949 டிசம்பர் 27 அன்று நடந்த ஆட்சி ஒப்படைப்பு.

வலப்பக்கத்தில்: 1945 சாசனம், 1947 ஆகஸ்ட் 1 அன்று பாதுகாப்பு அவையின் 27ஆம் தீர்மானம், 1948 டிசம்பர் 10 பிரகடனம், 1949 ஜனவரி 28 அன்று ஆட்சியை ஒப்படைக்கச் சொன்ன அதே அவையின் 67ஆம் தீர்மானம், 1949 ஆகஸ்டில் ஜெனீவா உடன்படிக்கைகள், 1950 நவம்பரில் ஐரோப்பிய உடன்படிக்கை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கேள்விகள் தாமாக எழும். பாரிசில் பிரகடனத்துக்கு ஆதரவாக நெதர்லாந்து வாக்களித்த 9ஆம் நாள் டச்சு வான்குடைப் படை இந்தோனேசியக் குடியரசின் அன்றைய தலைநகர் யோக்யகர்த்தாவில் இறங்குகிறது. அந்தப் பிரகடனத்தின் 2ஆம் பிரிவோ, ஒருவர் வாழும் நிலம் சுதந்திர நாடா, தன்னாட்சி இல்லாத நாடா என்று பார்த்து உரிமையில் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்த ஒன்பது நாளை வைத்து நல்ல கட்டுரைகள் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 1948க்கு முன்னால் நடந்ததற்கு எந்த அளவுகோல்? சாசனமே மனித உரிமையைப் பேசுகிறது, நெதர்லாந்து அதன் தொடக்க உறுப்பினர். போர் நடத்தைக்கு 1907 ஹேக் விதிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கைதியைச் சுட்டுக் கொல்வது டச்சுச் சட்டப்படியே குற்றம். இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டால் காலத்தைக் குழப்ப வேண்டியிருக்காது.

3. மூன்று கருத்துகளைத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்

தனிமனிதரின் உரிமை, மக்கள் கூட்டத்தின் சுயநிர்ணயம், போர்ச் சட்டம் ஆகிய மூன்றையும் 'மனித உரிமை' என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுவது வழக்கமான தவறு. 1948 பிரகடனத்தில் சுயநிர்ணயம் ஓர் உரிமையாக இல்லை. 1960 தீர்மானத்தில் வருகிறது. கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வடிவில் 1966இல்தான், இரண்டு உடன்படிக்கைகளிலும் முதல் பிரிவாக நுழைகிறது.

1945இல் இந்தோனேசிய அரசியல் சாசன முகவுரை 'விடுதலை எல்லாத் தேசங்களின் உரிமை' என்று தொடங்குகிறது. அதே சாசனத்தை எழுதிய குழுவில் குடிமக்களின் பேச்சுரிமையைச் சேர்க்க வேண்டுமா என்று சண்டையே நடந்தது. சேர்க்கச் சொன்னவர்கள் ஹத்தாவும் யாமினும். தனிமனித உரிமை மேற்கத்தியத் தன்முனைப்பு, குடும்பம்போல் இயங்கும் நாட்டுக்கு ஒத்துவராது என்றவர்கள் சுபோமோவும் சுகர்னோவும். கடைசியில், சங்கம் சேரும் உரிமையும் கருத்துரிமையும் 'சட்டத்தால் வரையறுக்கப்படும்' என்ற 28ஆம் பிரிவில் சமரசம் ஆனார்கள்.

ஹத்தா ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்? காலனி ஆட்சியில் தலைமை ஆளுநர் விசாரணை இல்லாமல் யாரையும் நாடுகடத்தலாம். அந்த அதிகாரத்துக்கு டச்சு மொழியில் வைத்திருந்த பெயரே 'மிதமிஞ்சிய உரிமைகள்'. ஹத்தா அப்படித்தான் நியூகினிக் காட்டில் இருந்த போவன் டிகுல் முகாமுக்கு அனுப்பப்பட்டார். வெள்ளைக்காரன் போன பிறகு நம்மவர் கையிலும் அதே அதிகாரம் வந்து சேரலாம் என்று அந்தச் சிறை அனுபவம் அவரை யோசிக்க வைத்திருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்று குறித்துத்தான் நீங்களும் எழுத வேண்டும்.

இந்தப் பெட்டிகளைப் பிரித்தால்தான் தேச விடுதலையும் தனிமனித உரிமையும் எங்கே கைகோத்தன, எங்கே முட்டிக்கொண்டன என்று காட்ட முடியும். கட்டுரையின் உயிர் அங்கே இருக்கிறது.

4. ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்படுங்கள்

ஆதாரங்களைப் படிக்கப் போகும் முன் ஒரு சொற்பட்டியல் தயார் செய்யுங்கள். நிர்வாகத்தின் சொல்லை அப்படியே நம் வாக்கியத்தில் வைத்தால் அதன் வாதத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

'போலீஸ் நடவடிக்கை' என்பது முதல் சொல். 1947லும் 1948லும் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் இறங்கிய தாக்குதலுக்கு டச்சு அரசு வைத்த பெயர் இது. போர் என்றால் எதிரில் ஒரு நாடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், போர்ச் சட்டமும் கூடவே வரும். போலீஸ் நடவடிக்கை என்றால் வீட்டுச் சண்டை. சாசனத்தின் 2ஆம் பிரிவு 7ஆம் உட்பிரிவைக் காட்டி, இது உள்நாட்டு விவகாரம், ஐ.நா.வுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடலாம். பாதுகாப்பு அவையில் டச்சுப் பிரதிநிதி வான் க்ளெஃபென்ஸ் வாதாடியது இந்த வழியில்தான். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் பிரச்சினையை அங்கே கொண்டுபோனபோது, அதிகார வரம்புக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அவை போர்நிறுத்தம் கேட்டது. 1947இன் 27ஆம் தீர்மானத்தை வரிவரியாகப் படியுங்கள், சொல்லாமல் விட்டதைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது 'தப்பியோடும்போது சுடப்பட்டார்' என்ற வரி. டச்சு ராணுவ அறிக்கைகளில் இது வரும். என்னிடம் வந்த ஒரு மாணவி இதை அப்படியே மொழிபெயர்த்து, 'கைதிகள் அடிக்கடி தப்ப முயன்றனர்' என்று ஒரு பத்தியே எழுதியிருந்தார். நம் ஊர்ச் செய்தித்தாளில் 'என்கவுன்டர்' என்ற சொல்லை எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அந்தப் பத்தி போய்விட்டது, அதே இடத்தில் அந்த வரியைப் பற்றியே நல்ல பகுதி ஒன்று வந்தது. 'சுத்திகரிப்பு', 'அமைதிப்படுத்தல்', 'அமைதியும் ஒழுங்கும்' எல்லாம் இதே வகைதான். மொழிபெயர்ப்புச் செயலி இவற்றைச் சாதுவான சொற்களாக்கித் தரும். மூலச் சொல்லைக் குறித்துக்கொண்டு, அந்த அறிக்கையில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை துப்பாக்கி கைப்பற்றினார்கள் என்று பாருங்கள். நூறு சாவுக்கு ஒன்றிரண்டு துப்பாக்கி என்று இருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது 'எக்செஸ்ஸென்', அதாவது அத்துமீறல்கள். 1969 ஜனவரியில் முன்னாள் படைவீரர் யோப் ஹூட்டிங் டச்சுத் தொலைக்காட்சியில் தோன்றி, தானே பங்கெடுத்த, கண்ணால் பார்த்த கொடுமைகளைச் சொன்னார். நாடு கொந்தளித்தது. சில மாதங்களில் அரசு ஆவணங்களைத் தோண்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. வருந்தத்தக்க அத்துமீறல்கள் நடந்தன, ஆனால் படை மொத்தத்தில் சரியாகவே நடந்துகொண்டது என்பதே அரசின் நிலைப்பாடு. 'அத்துமீறல்' என்றால் வழக்கமான ஒழுங்கு ஒன்று இருந்து, அங்கங்கே மீறப்பட்டது என்று பொருள். அந்தச் சொல் நாற்பது வருடத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தது.

2022 பிப்ரவரியில் மூன்று டச்சு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வந்தது. தீவிர வன்முறை அமைப்பு ரீதியாகவே நடந்தது, அரசியல் தலைமையும் ராணுவத் தலைமையும் நீதித்துறையும் பார்த்தும் பாராமல் இருந்தன என்றது. அன்றே பிரதமர் ருட்டே மன்னிப்புக் கேட்டார். இங்கேயும் ஒரு சொல் கவனிக்க வேண்டியது. அந்த ஆய்வு 'போர்க்குற்றம்' என்பதைத் தவிர்த்து 'தீவிர வன்முறை' என்ற சொல்லைத் தேர்ந்தது, அதற்காகக் கண்டனமும் வாங்கியது. உங்கள் கட்டுரையில் எந்தச் சொல்லை, ஏன் எடுக்கிறீர்கள் என்று முதல் இரண்டு பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

5. யார், எந்த மேடையில், யாருக்கு எதிராக உரிமை பேசினார்கள்?

இப்போதுதான் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்று விவரம் குறியுங்கள்: பேசியவர், மேடை, எதிராளி. ஒரே ஆள் இடத்துக்கு இடம் வேறு மாதிரி பேசுவார் என்பதால் இது அவசியம்.

காலனிக்கு எதிரானவர்கள் எல்லோரும் உரிமை பேசினார்கள், டச்சுக்காரர்கள் எல்லோரும் மறுத்தார்கள் என்ற எளிய கதையை நம்பாதீர்கள். உரிமைப் பேச்சு டச்சுத் தரப்பிலும் இருந்தது. 1961 ஏப்ரலில் நியூகினிக்கு ஒரு மன்றம் அமைத்தார்கள், அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று பாப்புவாவின் விடிவெள்ளிக் கொடி ஏறியது. வெளியுறவு அமைச்சர் லுன்ஸ் ஐ.நா.வில் சுயநிர்ணயம் பேசினார். இந்தோனேசியாவுக்கோ அது காலனியின் வால்துண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும் தந்திரம். 1962 ஆகஸ்டில் நியூயார்க் உடன்பாடு, 1963 மே மாதம் நிர்வாகம் இந்தோனேசியா கைக்கு. 1969இல் நடந்த 'சுதந்திரத் தேர்வு' வாக்கெடுப்பில் பொறுக்கியெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகள் மட்டும் கலந்துகொண்டு, மாற்றுக்கருத்தே இல்லாமல் இந்தோனேசியாவோடு இருக்கச் சம்மதித்தார்கள். ஐ.நா. பொதுச்சபை அதைக் 'கவனத்தில் கொண்டது'. பாப்புவா மக்களின் உரிமையை இரண்டு பக்கமும் பேசியது, அவர்கள் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்ப்பது உங்கள் வேலை.

மலுக்கர்களையும் விட்டுவிடாதீர்கள். டச்சுக் காலனிப் படையில் இருந்த மலுக்கப் படைவீரர்கள், குடும்பங்களோடு சுமார் 12,500 பேர், 1951இல் நெதர்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். போய் இறங்கியதும் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களைத் தங்கவைத்த இடங்களில் ஒன்று வெஸ்டர்போர்க், யூதர்களை நாஜிகள் மரண முகாம்களுக்கு ரயிலேற்றிய அதே முகாம்.

ஒரு ஆளை மட்டும் நெருங்கிப் பார்க்க விரும்பினால் பொன்கே பிரின்சனைப் பாருங்கள். டச்சுப் படையிலிருந்து ஓடிப்போய் இந்தோனேசியக் குடியரசுப் பக்கம் சேர்ந்தவர். பிறகு சுகர்னோ ஆட்சியிலும் சுகார்த்தோ ஆட்சியிலும் சிறை கண்டு, ஜகார்த்தாவில் மனித உரிமை வழக்கறிஞராக வாழ்ந்தார். டச்சு முன்னாள் படைவீரர்கள் பலருக்கு அவர் கடைசிவரை துரோகிதான்.

இந்தியா பக்கம் போகலாமா? போகலாம், அளவோடு. 1949 ஜனவரியில் நேரு டெல்லியில் கூட்டிய இந்தோனேசியா பற்றிய மாநாடு உங்கள் வாதத்துக்கு உதவும். பிஜு பட்நாயக் விமானம் ஓட்டிப் போய் இந்தோனேசியத் தலைவர் சியாரிரை அழைத்துவந்த கதை சுவையானது, ஆனால் அதில் இறங்கியவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

6. ஆவணம் தேடும் முன் எழுத்துமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு மாணவர் இரண்டு வாரம் தேடி 'ஒன்றுமே இல்லை சார்' என்று வந்தார். இன்றைய எழுத்தில் ஊர்ப்பெயரை அடித்திருக்கிறார். பழைய இந்தோனேசிய எழுத்துமுறையில் 'உ' ஒலிக்கு oe என்று இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள், 1947இல் அது ஒற்றை u ஆனது. 'ஜ' ஒலிக்கு dj என்று இரண்டும் சேர்ந்து வரும், வெறும் j வந்தால் அது 'ய' ஒலி. 'ச்ச' ஒலிக்கு tj வரும். பின்னால் சொன்ன இந்த மூன்றும் 1972 சீர்திருத்தத்தில் மாறின. ஆகவே ஒவ்வொரு பெயரையும் மூன்று விதமாகத் தேடுங்கள். ஊர்ப்பெயரே மாறியதும் உண்டு: பத்தாவியா ஜகார்த்தா ஆனது, ராவாகெடே இன்று பாலோங்சாரி.

எங்கே தேடுவது? தி ஹேக் நகர தேசிய ஆவணக் காப்பகம் பெரும்பகுதிப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. 'டெல்ஃபர்' என்ற தளத்தில் பழைய டச்சுச் செய்தித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, காலனியில் அச்சான தாள்களும் சேர்த்து. 1945 முதல் 1950 வரையான டச்சு அரசு ஆவணங்கள் 20 தொகுதிகளாக அச்சாகி, இணையத்திலும் இருக்கின்றன. ஐ.நா. எண்ணிம நூலகத்தில் பாதுகாப்பு அவையின் பேச்சுப் பதிவுகள் ஆங்கிலத்திலேயே கிடைக்கும், நாம் அங்கிருந்து தொடங்குவதே எளிது. ஜகார்த்தா தேசியக் காப்பகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டச்சுத் தாள்களை மட்டும் படித்தால் சுட்டவன் எழுதிய கதை மட்டுமே கிடைக்கும்.

7. எண்ணிக்கையை எழுதும்போது சொன்னவரையும் எழுதுங்கள்

ராவாகெடேயில் இந்தோனேசியத் தரப்பு சொல்லும் கணக்கு 431. டச்சு அரசின் 1969 அறிக்கையில் சுமார் 150. சுலவேசிக்கு இந்தோனேசியாவில் 40,000 என்பது நினைவுச்சின்னம் வரை ஏறிவிட்ட எண், ஆய்வாளர்களின் மதிப்பீடு சில ஆயிரங்கள். நடுவில் ஒரு சராசரி எடுத்துப் போடும் வேலை வேண்டாம். எண் எங்கே பிறந்தது, எதற்காகச் சொல்லப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். குறைந்த எண்ணை எழுதினால் குற்றம் குறைந்துவிடாது. ராவாகெடே பற்றி அந்த நேரத்திலேயே ஐ.நா. குழு 'திட்டமிட்டது, ஈவிரக்கமற்றது' என்றுதான் சொன்னது.

8. தீர்ப்பைப் படிக்கும்போது எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம் என்று பாருங்கள்

2011 செப்டம்பர் 14 அன்று தி ஹேக் மாவட்ட நீதிமன்றம் ராவாகெடே விதவைகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. 'மனித உரிமை நீதிமன்றம் தண்டித்தது' என்று எழுதும் வரைவுகள் வருடத்துக்கு இரண்டாவது வந்துவிடுகின்றன. இது சாதாரண உரிமையியல் வழக்கு, அரசு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை. சம்பவம் நடந்த காலத்திலேயே படைத்தலைவர் ஸ்போரும் காலனியின் தலைமை அரசு வழக்கறிஞரும் தங்களுக்குள் கலந்துபேசி, பொறுப்பான அதிகாரி மேல் வழக்குப் போடாமல் விட்டிருந்தார்கள்.

வழக்கின் முடிச்சு காலவரம்பு. அறுபது வருடம் ஆகிவிட்டது, காலம் கடந்த கோரிக்கை என்றது அரசு. நடந்ததின் கொடுமையையும், அரசு தனக்குத் தெரிந்தே சும்மா இருந்ததையும் பார்க்கையில் காலவரம்பைக் காட்டித் தப்பிப்பது நியாயமும் நேர்மையும் ஆகாது என்றது நீதிமன்றம். அப்புறம் தலைக்கு 20,000 யூரோ இழப்பீடு, அந்த டிசம்பர் 9ஆம் தேதி கிராமத்திலேயே டச்சுத் தூதர் மன்னிப்பு.

தீர்ப்பு யாருக்கு எட்டவில்லை என்பதையும் எழுதுங்கள். கணவனை இழந்தவர்களுக்குக் கதவு திறந்தது, அந்தத் தீர்ப்பின் வரம்பில் அடுத்த தலைமுறை வெளியே நின்றது. தகப்பன் சுடப்பட்டதைப் பார்த்த பிள்ளைகள் தங்களுக்காகத் தனியே போராட வேண்டியிருந்தது. மனித உரிமை என்ற சொல் அதிகம் வராத ஒரு தீர்ப்பு, அந்தத் தலைப்பில் வந்த பல மாநாடுகளைவிட அதிகம் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

9. சுரிநாமோ தீவுகளோ எடுத்தவர்களுக்கு

இங்கே போர் இல்லாததால் 2ஆம் படியின் பட்டியல் வேறு மாதிரி அமையும். 1954 டிசம்பரில் வந்த முடியரசுச் சாசனத்திலிருந்து தொடங்குங்கள். சுரிநாமும் அன்டில்லஸ் தீவுகளும் உள்நாட்டு ஆட்சியில் தன்னாட்சி பெற்றன. அந்தச் சாசனத்தின் 43ஆம் பிரிவு அடிப்படை மனித உரிமையைக் காப்பது ஒவ்வொரு நாட்டின் கடமை என்றும், அதற்கு உத்தரவாதம் முடியரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. இதைக் காட்டி, இவை இனிமேல் காலனி இல்லை, ஆண்டறிக்கை அனுப்பத் தேவையில்லை என்று 1955இல் ஐ.நா.வை ஏற்க வைத்தது நெதர்லாந்து. 1969 மே 30 அன்று குராசாவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி நகரம் எரிந்தபோது, டச்சுக் கடற்படை வீரர்கள் இறக்கப்பட்டதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சுரிநாமில் விடுதலைக்குப் பிறகே உரிமைக் கேள்வி கூர்மையாகிறது. 1982 டிசம்பர் 8 அன்று பரமரிபோவின் ஜீலாண்டியா கோட்டையில் ராணுவ ஆட்சியை எதிர்த்த 15 பேர் கொல்லப்பட்டார்கள். நெதர்லாந்து உதவித்தொகையை நிறுத்தியது. முன்னாள் எஜமான் இப்போது உரிமைக் காவலன் வேடம் போடுகிறானா, இல்லை உண்மையாகவே பொறுப்பேற்கிறானா என்ற வாதத்தில் கட்டுரையை நிறுத்தலாம்.

அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் 1993இல் அலொபுட்டோ வழக்கில் சொன்ன ஒன்றையும் பாருங்கள். தப்பிய அடிமைகளின் வழிவந்த சரமாக்கா மக்களோடு டச்சுக்காரர்கள் 1762இல் செய்த ஒப்பந்தம் அங்கே பேசுபொருளானது. தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ஒரு மனித உரிமை நீதிமன்றத்தில் காட்டவே முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

10. எழுதும் வரிசை

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் நடுப்பகுதி, அதிலும் ஒரே ஒரு நிகழ்வு, ஒரு கிராமம் அல்லது ஒரு பாதுகாப்பு அவைக் கூட்டம். அதை எழுதி முடித்தால் எந்தப் பெட்டி நிறைந்திருக்கிறது, எது காலி என்று தெரியும். அதற்குப் பிறகு தேதிப் பட்டியலை விரித்து முன்னும் பின்னும் நீட்டுங்கள்.

வரைவு முடிந்ததும் கணினியில் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். 'மனித உரிமை' வரும் ஒவ்வொரு இடத்திலும் எந்த ஆவணம், எந்தப் பிரிவு என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். 'இன்றும்' வந்தால் ஆண்டு போடுங்கள். 'உள்நாட்டு' வந்தால் யாருடைய பார்வையில் என்று சேருங்கள். விடுதலை எந்தத் தேதியில் என்பதில் இரு நாடுகளும் பல பத்தாண்டுகள் ஒத்துப்போகவில்லை. டச்சுக் கணக்கில் அது 1949 டிசம்பர் 27, இந்தோனேசியக் கணக்கில் 1945 ஆகஸ்ட் 17. ருட்டே டச்சு நாடாளுமன்றத்தில் 1945 தேதியை முழுமையாக ஏற்பதாகச் சொன்னது 2023 ஜூன் 14 அன்று. அந்தத் தேதியை எடுத்துக்கொண்டால் 1947இல் நடந்தது இரண்டு நாடுகளுக்கு இடையிலான போர், உங்கள் கட்டுரையில் அதுவரை எழுதிய 'உள்நாட்டு' என்ற சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.